கைவினைக் கிட் வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒன்பது பெட்டிகள் இருந்தன. எல்லாம் பிள்ளைகளுக்காக வாங்கிய கைவினைக் கிட்டுகள். எல்லாமே திறந்தவை, ஒன்றுகூட முடிக்கப்படாதவை. ஒரு விடுமுறை நாளில் அவற்றை இறக்கித் தரையில் பரப்பி, எது எங்கே நின்றுபோனது என்று பார்த்தேன். ஒன்றில் பசை காய்ந்து கல்லாகியிருந்தது. இன்னொன்றில் நூல் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. மூன்றாவதில் செய்முறைத் தாளைப் படிக்க எனக்கே பூதக்கண்ணாடி வேண்டும் போலிருந்தது. மீதி ஆறிலும் ஒரு குறையும் இல்லை, என் மகளுக்கு அவை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அட்டையில் இருந்த படம் எனக்குத்தான் பிடித்திருந்தது.

அப்புறம் வாங்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். இப்போது மேல்தட்டில் இரண்டு பெட்டிகள்தான், அதில் ஒன்று நிஜமாகவே பாதியில் நடந்துகொண்டிருக்கிறது. அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன், ஏறக்குறைய 5 முதல் 12 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து.

படி 1: ஒரு வாரம் அந்தக் கைகளைக் கவனியுங்கள்

"உனக்கு என்ன வேண்டும்?" என்று பிள்ளையிடம் கேட்டால் கடைசியாகப் பார்த்த விளம்பரம்தான் பதிலாக வரும். அதனால் கேட்பதற்கு முன் பாருங்கள். சும்மா இருக்கும்போது கை எதைத் தேடுகிறது? சில பிள்ளைகள் எதையாவது வரிசையாக அடுக்கும், நிறவாரியாகப் பிரிக்கும். அவர்களுக்கு மணி கோர்ப்பது, மொசைக், கட்டம் பார்த்துத் தைப்பது எல்லாம் ஒத்துப்போகும். சில பிள்ளைகள் எதையும் எதோடாவது கலக்கும், குழைக்கும், ஊற்றும். அவர்களிடம் ஊசியும் நூலும் கொடுத்தால் பத்து நிமிடத்தில் நூல் முடிச்சாகிவிடும், களிமண்ணோ வண்ணமோ கொடுத்தால் மதியம் முழுக்கச் சத்தம் வராது. பேனாவைக் கழற்றி ஸ்பிரிங்கைத் தொலைக்கிற ரகம் ஒன்று உண்டு, என் மகன் அதுதான். அவனுக்கு முடிந்தபின் அசைய வேண்டும், ஓட வேண்டும், விளக்கு எரிய வேண்டும். அழகாக இருப்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள், இதை யாரும் சொல்வதில்லை: தப்பு நேர்ந்தால் பிள்ளை என்ன செய்கிறது? அழித்துவிட்டுத் திரும்பச் செய்கிற பிள்ளைக்குக் கடினமான கிட்டையும் துணிந்து வாங்கலாம். கோடு கோணலானால் தாளைக் கசக்கி எறிகிற பிள்ளைக்கு, தப்பைத் திருத்த முடிகிற பொருளாகப் பாருங்கள். களிமண்ணை உருட்டி மறுபடி தொடங்கலாம், கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே பின்னலை இழுத்துப் பிரித்துவிடலாம், ஸ்டிக்கரையும் சூப்பர் குளூவையும் அப்படிச் செய்ய முடியாது.

படி 2: பெட்டியில் உள்ள வயது எண்ணை இரண்டாகப் பிரித்துப் படியுங்கள்

பெட்டி மீது இருக்கும் வயது எண்ணில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று பாதுகாப்பு, மற்றது திறமை. சிவப்பு வட்டத்துக்குள் 0-3 என்று போட்டு முகத்தின் குறுக்கே கோடு இழுத்திருந்தால், அது முழுக்க முழுக்கப் பாதுகாப்பு எச்சரிக்கை, 'என் பிள்ளை புத்திசாலி, சமாளிப்பான்' என்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஏறத்தாழ 3.2 செ.மீ விட்டமுள்ள ஓர் உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் துண்டுகள் எல்லாம் 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் சிக்கக்கூடியவை என்று சோதனை விதிகள் கருதுகின்றன. கிட் வாங்குவது 9 வயதுப் பெரியவளுக்காக இருக்கலாம். ஆனால் வீட்டில் தவழ்கிற தம்பி இருந்தால் அவன் வயதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

8 என்ற எண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்க விதிகளில் கூர்முனை, கூர்விளிம்புச் சோதனைகள் 8 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு உரியவை. அதனால் பெட்டியில் 8+ என்று இருந்தால், உள்ளே நிஜ ஊசியோ நிஜமாக வெட்டும் கத்தரியோ இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு திறங்கள்.

திறமை பக்கம் வந்தால் அந்த எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பொதுவாக 5, 6 வயதில் நேர்க்கோட்டிலும் பெரிய வளைவிலும் வெட்டவும், பெரிய மணிகளைக் கோர்க்கவும் வரும். 7, 8இல் முடிச்சுப் போடுவதும் மழுங்கிய ஊசியும் சாத்தியம். 9, 10இல் குரோஷே, தறி நெசவு, கூர் ஊசி. 11க்கு மேல் அளந்து வெட்டுவது, வரைபடம் பார்த்துச் செய்வது. ஆனால் 7 வயதில் இரண்டு வருடமாகத் தைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை, ஊசியையே தொடாத 11 வயதுப் பிள்ளையைவிட நன்றாகத் தைக்கும். வயதைவிடப் பழக்கத்தைக் கணக்கில் எடுங்கள். முதல் கிட் என்றால் ஒரு படி கீழேயே தொடங்குங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இடது கைப் பழக்கமுள்ள பிள்ளையா? கிட்டோடு வரும் கத்தரி அநேகமாக வலது கைக்கானதுதான். இடது கைக் கத்தரியில் பிடி மட்டும் மாறியிருக்காது, அலகுகளே இடம் மாறியிருக்கும், அப்போதுதான் வெட்டுகிற கோடு கண்ணுக்குத் தெரியும். அதைத் தனியாக வாங்கி வையுங்கள். கையில் திறமை இல்லை என்று அந்தப் பிள்ளையைத் திட்டியிருந்தால், மன்னிப்புக் கேட்க இதுதான் சமயம்.

படி 3: பெட்டியைத் திருப்புங்கள், முடிவுகளை எண்ணுங்கள்

முன்பக்கப் படம் விற்பதற்காக எடுத்தது. பின்பக்கத்தில் படிகள், உள்ளடக்கப் பட்டியல், சில சமயம் செய்யும்போது எடுத்த படங்கள் இருக்கும். அங்கே நான் ஒன்றே ஒன்றைத்தான் எண்ணுகிறேன்: இந்த வேலையில் பிள்ளை தானாக எடுக்க வேண்டிய முடிவுகள் எத்தனை? எந்த நிறம், எவ்வளவு நீளம், எங்கே ஒட்டுவது, எப்போது நிறுத்துவது. வெட்டிக் கொடுத்த துண்டுகளை எண் பார்த்து ஒட்டுவது மட்டும்தான் வேலை என்றால் முடிவுகள் பூஜ்ஜியம். முடிந்தபின் அழகாக இருக்கும், சுவரில் மாட்டலாம், ஆனால் இரண்டாவது முறை செய்ய உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

இப்படிச் சொல்வதால் எண் பார்த்து வண்ணம் தீட்டும் கிட்டுகள் எல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் ஓவியர் டான் ராபின்ஸ் 1950களின் தொடக்கத்தில் அதை உருவாக்கியபோதே கலை விமர்சகர்கள் கேலி செய்தார்கள், மக்களோ வாங்கிக் குவித்தார்கள். களைத்துப்போன பிள்ளைக்கும், உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும் பிள்ளைக்கும், வெற்றுத் தாளைப் பார்த்தாலே பயப்படுகிற பிள்ளைக்கும் யோசிக்கத் தேவையில்லாத வேலை ஓர் ஓய்வு. எனக்கே அது பிடிக்கும். மூன்று கிட் வாங்கினால் அதில் ஒன்று அப்படி இருக்கட்டும் என்பதுதான் என் கணக்கு.

பிள்ளை தானாக முடிவெடுப்பதா, சொன்னபடி செய்வதா என்கிற இந்தச் சண்டை பழையது. 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரை 1840இல் சூட்டிய ஜெர்மானியர் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல், கன மரக்கட்டைகள், மடிக்கும் காகிதம், காகித நெசவு, குத்தித் தைக்கும் அட்டை, குச்சிகளோடு ஊறவைத்த பட்டாணி என்று ஒரு தொகுப்பையே பிள்ளைகளுக்காக வகுத்துவைத்தார். குச்சிகளைப் பட்டாணியில் செருகினால் முக்கோணம், வீடு, கோபுரம். இன்றைய கிட்டுகளின் தாத்தா என்றே அதைச் சொல்லலாம். பொருட்கள் மிகக் குறைவு, அவற்றை வைத்துச் செய்யக்கூடியதற்கோ கணக்கில்லை. ஒரு நல்ல கிட்டை அளக்க இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியாது.

படி 4: உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை

"500 துண்டுகள்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பட்டியலைப் பாருங்கள், அதில் பெரும்பகுதி மணியாகவோ கண்ணாடிச் சில்லாகவோ பளபளப்பு ஸ்டிக்கராகவோ இருக்கும். துண்டுகளை விட்டுவிட்டு, எத்தனை பொருள் செய்து முடிக்கலாம் என்று பாருங்கள். அடுத்து, தனியாக வாங்க வேண்டியவை பற்றிப் பொடி எழுத்தில் ஒரு வரி எங்காவது இருக்கும்: பேட்டரி, கத்தரி, அயர்ன் பாக்ஸ், பசை. பிள்ளை ஆசையோடு பெட்டியைத் திறந்த பிறகு இது தெரியவந்தால் அந்த நாள் போச்சு.

கருவிகளின் தரம் இன்னும் முக்கியம். முடி உதிரும் தூரிகை, வெட்டாத பிளாஸ்டிக் கத்தரி, ஒட்டாத பசை. இவற்றை வைத்துப் போராடும் பிள்ளை 'எனக்கு வராது' என்று முடிவு கட்டிவிடும். கருவி மோசம் என்று அதற்குத் தெரியாது. உள்ளே வரும் கருவி சுமார் என்று தோன்றினால் வீட்டில் உள்ள நல்லதைக் கொடுத்துவிடுங்கள். தாளும் அப்படித்தான். சாதாரண அச்சுத் தாள் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), அதில் நீர்வண்ணம் தீட்டினால் சுருண்டு கிழியும், நீர்வண்ணத் தாள் என்றால் 300 ஜிஎஸ்எம் வழக்கம். பெட்டியில் அந்த எண்ணைச் சொல்லியிருந்தால் தயாரித்தவர் கொஞ்சமாவது யோசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

படி 5: வகை வாரியாக

தையல் கிட்டில் பார்க்க வேண்டியது துணியின் கட்டம். குறுக்குத் தையலுக்கான ஐடா துணியில் 14 கவுண்ட் என்றால் ஓர் அங்குலத்தில் 14 கட்டம், அது பெரியவர்களுக்கான அளவு. பிள்ளைக்கு 11 அல்லது அதற்கும் கீழே போங்கள். இன்னும் சின்னவர்களுக்கு அங்குலத்துக்கு 7 துளை உள்ள பிளாஸ்டிக் வலை இருக்கிறது, அது வளையாது, சட்டமும் தேவையில்லை, மழுங்கிய ஊசியே போதும். குரோஷே கிட் என்றால் நூலின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் தையல் கண்ணுக்கே தெரியாது, தடிப்பான வெளிர் நிற நூலும் 5 மி.மீ கொக்கியும்தான் கற்பதற்குத் தோது. பஞ்சு பஞ்சாக ரோமம் நிற்கும் நூலில் செய்த கரடிப் பொம்மை படத்தில் கொள்ளை அழகாக இருக்கும். அதை வைத்து முதல் பாடம் நடத்தியது நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

அயர்ன் பாக்ஸால் உருக்கி ஒட்டும் மணிகள் 10, 5, 2.5 மி.மீ என்று மூன்று அளவில் வரும். 5 மி.மீ தான் பெரும்பாலான பள்ளிப் பிள்ளைகளுக்கு. 10 மி.மீ சின்னவர்களுக்கு, 2.5 மி.மீ பொறுமைசாலிகளுக்கு. உருக்கும் வேலை பெரியவர்களுடையது.

களிமண்ணில் இரண்டு ரகத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். காற்றில் உலரும் ரகம் உலர 1 முதல் 3 நாள் ஆகும், சுருங்கும், தடிப்பாகச் செய்தால் விரிசல் விடும். ஓவனில் சுடும் பாலிமர் கிளே பிவிசி பிளாஸ்டிக்கால் ஆனது, பெரும்பாலும் 130 டிகிரி செல்சியஸ் அளவில்தான் சுட வேண்டும். கருகினால் எரிச்சலூட்டும் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். அதனால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் வெப்பநிலையைப் பார்த்து வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். மென்மையான விளையாட்டு மாவு சிலவற்றில் கோதுமை இருக்கிறது, பிளே-டோவும் அப்படித்தான், கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் கவனம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கிட்டில் அச்சில் ஊற்றிச் சின்ன உருவங்கள் செய்வது நல்ல வேலை. ஆனால் அது இறுகும்போது சூடாகும், தடிப்பாக ஊற்றினால் 60 டிகிரியையும் தாண்டும். கையை நேராக அதற்குள் விட்டு அச்செடுக்கவே கூடாது. அப்படிச் செய்து விரல்களை இழந்த சம்பவமே உண்டு. கை அச்சு வேண்டுமென்றால் ஆல்ஜினேட் பொடி வைத்த கிட்டைத் தேடுங்கள். மிச்சப் பிளாஸ்டரைத் தொட்டியில் ஊற்றிக் கழுவாதீர்கள், குழாய்க்குள் போய்க் கல்லாகிவிடும்.

வண்ணத்தில் ஒரே கேள்வி: துணியில் பட்டால் போகுமா? அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம், போகவே போகாது. கழுவினால் போகும் என்று எழுதியிருக்கும் டெம்பரா வண்ணத்தை 8 வயது வரை மாற்ற வேண்டாம். ஸ்லைம் கிட்டில் பசை இறுக உதவும் திரவத்தில் பெரும்பாலும் போரேட் உப்பு இருக்கும். வாயில், கண்ணில் படக்கூடாது, முடித்ததும் கை கழுவ வேண்டும். கிளிட்டர் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, வாங்கினால் அடுத்த வருடமும் அது உங்களோடுதான் இருக்கும்.

மின்சுற்றுக் கிட்டில் எல்இடி எரியவில்லை என்றால் முதலில் திருப்பிப் போடுங்கள். நீளமான கால்தான் பாசிட்டிவ். பாகங்களை ஒட்டிவிடும் கிட்டைவிடக் கழற்றி மாட்டும் கிட் பல மடங்கு மேல். படிகம் வளர்க்கும் கிட் நாள் கணக்கில் நடக்கும், தினமும் பார்த்து வரைகிற பிள்ளைக்கு அது அருமை, இன்றைக்கே வேண்டும் என்பவனுக்கு அது தண்டனை.

குளூ கன் வேண்டியிருந்தால் குறைந்த வெப்ப ரகமாகப் பாருங்கள், அதுவும் 120 டிகிரியைத் தொடும், பெரியவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். சூப்பர் குளூ பருத்தித் துணியில் சிந்தினால் சட்டென்று சூடேறிக் கையைச் சுடும், அதைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். திரவமாக ஊற்றி இறுக வைக்கும் ரெசின் கிட்டுகள் இப்போது பிள்ளைகளுக்கும் விற்கப்படுகின்றன. இறுகாத ரெசின் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் நிரந்தர ஒவ்வாமை வரலாம். என் வீட்டில் அதற்கு இடமில்லை.

படி 6: மூன்று பொருள், இங்கே விட்டுக்கொடுக்கவே வேண்டாம்

பொத்தான் பேட்டரி, குறிப்பாக 20 மி.மீ லித்தியம் வட்டு. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி 2 மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கும். பேட்டரி அறை திருகாணி போட்டு மூடியதா என்று பாருங்கள், கையால் திறக்க முடிந்தால் வேண்டாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சின்னச் சின்ன சக்திவாய்ந்த காந்த உருண்டைகள். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். பெரிய பிள்ளைகளும் நாக்கில், உதட்டில் ஒட்டிப்பார்த்து விழுங்கிவிடுகிறார்கள்.

நீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள். உள்ளே போனபின் வீங்கும், குடலை அடைக்கும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதும் இல்லை. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் இவை இருக்கவே வேண்டாம்.

லேபிள் விஷயத்தில் ஒரு சின்ன நுணுக்கம். ஐஎஸ்ஓ 8124, ஐரோப்பாவின் ஈஎன் 71, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப் 963 ஆகியவை பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தரநிலைகள். ஓவியப் பொருட்களில் டி 4236 என்ற எண் தெரிந்தால் அது விஷமற்றது என்று நினைத்துவிடாதீர்கள், நாள்பட்ட ஆபத்துகளை ஆராய்ந்து, இருந்தால் லேபிளில் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் பொருள். அருகில் உள்ள எச்சரிக்கையையும் படியுங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, தொகுதி எண் எதுவுமே இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

படி 7: உங்கள் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்

'தானாகச் செய்யலாம்' என்று பெட்டி சொல்லும். செய்முறையைப் படித்துப் பார்த்து, சுடுவது, உருக்குவது, துளையிடுவது, கூரான கத்தியால் வெட்டுவது எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். அத்தனை முறை நீங்கள் எழுந்து வர வேண்டும். காய வைக்க இடம் இருக்கிறதா, ஒரு நாள் முழுக்க மேசையை விட்டுக்கொடுக்க முடியுமா என்பதும் இதில் சேர்த்தி. சாப்பிடும் மேசையில்தான் எல்லாம் நடக்கிறது என்றால், ஒரு தட்டில் வைத்து அப்படியே தூக்கி ஓரம் வைக்கிற மாதிரி வேலையாகப் பாருங்கள்.

படி 8: திறக்கும் நாள்

முந்தின இரவே நீங்கள் திறந்து பாருங்கள். துண்டுகளை எண்ணி, சிக்கலான நூலைப் பிரித்து, பசை ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். செய்முறைத் தாளைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது எப்படியும் தொலையும். பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கவும் அந்தப் படம் உதவும்.

அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கோணலாக ஒட்டியதை நேராக்காதீர்கள். உதவி கேட்டால், பிள்ளையின் பொருளைப் பிடுங்காமல் இன்னொரு துண்டில் செய்து காட்டுங்கள்.

முடித்தால் பரிசு என்று பேரம் பேசவும் வேண்டாம். உளவியல் ஆய்வாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். பிறகு சும்மா விட்டுவிட்டுக் கவனித்தபோது, அந்தப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவான நேரம் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

பாதியில் நின்றால் ஒரு வாரம் கண்ணில் படும் இடத்திலேயே வைத்திருங்கள். திரும்பத் தொடவில்லை என்றால் கேள்வி கேட்காமல் பிரித்துவிடுங்கள்.

படி 9: மிச்சத்தை வைத்து நீங்களே ஒரு கிட்

அலமாரியில் இருந்த அந்த ஒன்பது பெட்டிகளையும் கடைசியில் ஒரே நாளில் கலைத்தோம். மணிகள் ஒரு ஜாடியில், நூல் ஒரு பையில், அட்டை ஒரு கோப்பில், காய்ந்த பசை குப்பையில். அதிலிருந்து ஒரு ஷூ பெட்டியில் ஐந்தாறு பொருள் மட்டும் எடுத்துப் போட்டு, மூடியில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "நடக்கிற ஒன்று". இல்லாவிட்டால் "எடை தாங்குகிற ஒன்று", "இரண்டு பேர் ஆடுகிற ஒன்று". பொருள் அதிகமாகப் போட்டால் வேலை நடக்காது, ஐந்தாறுக்கு மேல் நான் போடுவதில்லை. அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்குப் பரிசு தரவும் இதையே செய்யலாம். அந்தப் பிள்ளையின் கையைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது, நல்ல கத்தரி, நல்ல தாள், நல்ல பசை மூன்றும் எந்தக் கிட்டையும்விடப் பாதுகாப்பான தேர்வு.

"நடக்கிற ஒன்று" பெட்டிக்கு என் மகள் செய்தது மூன்று கால் ஒட்டகச்சிவிங்கி. நான்காவது காலுக்குக் குச்சி இருந்தது, வைக்கவில்லை. கேட்டதற்கு, நாலு கால் வைத்தால் ஒன்று எப்போதும் தரையில் படாமல் ஆடுகிறது, மூன்று என்றால் ஆடவே இல்லை, நீங்களே அழுத்திப் பாருங்கள் என்றாள்.